பவளத் தொட்டி வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி அமைத்து, உப்புக் கரைத்த நீர் நிரப்பி, அலைக்கும் ஆழத்துக்கும் உரிய பவளப் பூச்சிகளை மின்விளக்கின் ஒளியில் வளர்த்துக் காப்பாற்றி வரும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இருந்தாலும், சிங்கப்பூரில் இருந்தாலும், கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ இருந்தாலும், இந்தக் கலையில் இறங்கிய நமக்குள் ஒரு சொந்தம் உண்டு. அந்தச் சொந்தத்தை முன்னிட்டே, வெகுநாளாக என் மனத்தில் கிடந்து உறுத்தும் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றி உங்கள் முன் வைக்கத் துணிகிறேன்.

நம்மிடையே புதிதாகச் சேர்ந்த ஒருவர், "என் தொட்டியின் பி.எச். காலையில் 7.8 காட்டுகிறது, பவளத்துக்கு ஆபத்து வருமோ?" என்று கலங்கிக் கேட்டால், அவர் கேட்டு வாய் மூடுவதற்குள், "பி.எச். ஏற்றும் பொடி வாங்கிப் போடுங்கள்" என்ற விடை நாலா திசையிலிருந்தும் வந்துவிடுகிறது. அவருடைய நீரின் ஆல்கலினிட்டி எவ்வளவு என்று கேட்பவர் இல்லை, தொட்டி இருக்கும் அறையின் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று விசாரிப்பவர் இல்லை, அந்தப் பி.எச். எந்த வேளையில் அளக்கப்பட்டது, அளந்த மானி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற கேள்வியும் எழுவதில்லை. அவரும் நம்பிக்கையோடு பொடியைப் போடுகிறார். மறுநாள் காலை மானி பழைய எண்ணையே காட்டுகிறது. மறுபடியும் போடுகிறார். இப்படியே நாட்கள் செல்லச் செல்ல, அக்ரோபோராப் பவளத்தின் கிளை நுனிகளில் தசை உரிந்து வெள்ளை எலும்பு தலைகாட்டுகிறது. ஹீட்டரின் மேலும் பம்பின் சுழலியிலும் சுண்ணாம்புக் காரை பற்றிக்கொள்கிறது. ஒரு நாள் தொட்டி நீர் முழுவதுமே வெளுத்துக் கலங்கிவிடுகிறது. "கடல் தொட்டி நமக்கு ராசியில்லை" என்று சொல்லிக்கொண்டு, விளக்கையும் பம்பையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு அவர் விலகிப் போகிறார். ராசியின் மீது பழி போட இதில் இடமே இல்லை. ஆராயாமல் யோசனை சொன்ன நம் கூட்டத்தின் மீதே பழி முழுவதும் சாரும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பி.எச்.சும் ஆல்கலினிட்டியும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பி.எச். என்பது, 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலையில் சோரன்சன் என்ற ரசாயன சாஸ்திரி வகுத்துத் தந்த அளவு. நீரில் அந்தக் கணத்தில் ஹைட்ரஜன் அயனிகள் எந்த அளவில் இருக்கின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். அது பத்தின் மடங்குகளாக ஏறி இறங்கும் கணக்காதலால், 8.2இலிருந்து 7.9க்கு இறங்குவது பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், உண்மையில் அந்த அயனிகள் இரு மடங்காகிவிட்டன என்றே பொருள். ஆல்கலினிட்டியோ, நீரில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போனால் எவ்வளவு அமிலத்தை அந்த நீர் தாங்கி ஏற்கும் என்ற கொள்ளளவைச் சொல்வது. கடல்நீரில் அந்தக் கொள்ளளவின் மிகப் பெரும்பகுதியைப் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் தருகின்றன, ஒரு சிறு பகுதியைப் போரேட் தருகிறது. குதிரில் கிடக்கும் நெல்லின் அளவு வேறு, அன்றைய தினம் அடுப்பு எரிகிற வேகம் வேறு. அடுப்பு மந்தமாக எரிகிறது என்பதற்காகக் குதிரில் மேலும் மேலும் நெல்லைக் கொட்டுகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? தொட்டி விஷயத்தில் நாம் செய்வது அதைத்தான்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெளியலாம். தொட்டியிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றொன்றில் குளிர்பானம் குடிக்கும் குழாய் ஒன்றை விட்டு, நீரை வாய்க்குள் இழுத்துவிடாதபடி எச்சரிக்கையோடு இரண்டொரு நிமிஷம் மூச்சை ஊதுங்கள். இப்போது இரண்டிலும் பி.எச். பாருங்கள், ஊதிய டம்ளரில் அது மளமளவென்று இறங்கியிருப்பதைக் காண்பீர்கள். பிறகு ஆல்கலினிட்டிப் பரீட்சைப் பெட்டியை எடுத்து, முதல் டம்ளரிலிருந்து 5 மில்லிலிட்டர் நீரைச் சிறு குப்பியில் அளந்து, அமிலமும் சாயமும் கலந்த திரவத்தைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் குப்பியைக் குலுக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் நீலம் தோன்றும். துளி ஏற ஏற அந்த நீலம் கலங்கிப் பசுமை பாயும். பிறகு ஒரே ஒரு துளியில் எல்லாம் சட்டென்று மஞ்சளாகும். எட்டாம் துளியில் மஞ்சளானால் உங்கள் நீர் 8 டி.கே.எச். (ஆல்கலினிட்டியைச் சொல்லும் அலகு இது); துளிக்கு ஒன்றாகக் கணக்கிடும் பெட்டிகளில் 10 மில்லிலிட்டர் நீர் எடுத்துக்கொண்டால் துளிக்கு அரையாக இன்னும் நுட்பமாகவே அளக்கலாம். இனி, மூச்சு ஊதிய டம்ளரிலிருந்து அதே 5 மில்லிலிட்டரை எடுத்து அதே பரீட்சையைச் செய்யுங்கள். அங்கும் எட்டாம் துளியிலேயே மஞ்சள் வரும். பி.எச். விழுந்துவிட்டது, ஆல்கலினிட்டி இம்மியும் அசையவில்லை. நீங்கள் ஊதியது கரியமில வாயு. அது நீரில் கலந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியைப் பெருக்கியதே தவிர, நீரின் கொள்ளளவிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இனி அந்த ஊதிய டம்ளரையே மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துச் சென்று, சிறு காற்றுப் பம்பை வைத்து ஒரு மணி நேரம் வெளிக்காற்றுக் குமிழ்களை அதில் ஓடவிடுங்கள். ஒரு சிட்டிகைப் பொடியும் போடாமலே பி.எச். ஏறத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். இதே சோதனையை மூச்சு ஊதாத தொட்டி நீரிலும் செய்து பாருங்கள். அந்த நீரின் பி.எச். வெளிக்காற்றில் 7.8இலிருந்து 8.1க்கோ 8.2க்கோ ஏறுமானால், குற்றவாளி உங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் காற்று என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. ஏறவேயில்லை என்றால் மட்டுமே வேறு காரணம் தேட வேண்டும். ஆல்கலினிட்டி தாழ்ந்திருக்கலாம், அல்லது மானி பொய் சொல்லலாம்.

இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் பொடி வாங்கப் போகாதீர்கள் என்று உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் நம்முடைய வீடுகளின் அமைப்பே இப்போது மாறிவிட்டது. நகரத்து அடுக்குமாடியில், வெயிலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களை இறுகச் சாத்தி, ஸ்பிளிட் ஏ.சி.யை ஓடவிட்டு, நான்கு பேர் படுத்து உறங்குகிற வீட்டில், அந்த ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்வித்துத் தருகிறதே அல்லாமல் புதுக்காற்றை அழைப்பதில்லை. வெளியுலகக் காற்றில் இன்று கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கைச் சற்று கடந்து நிற்கிறது. அடைத்த படுக்கையறையில் அது விடியற்காலையில் 1000 பங்கைத் தாண்டுவது சர்வசாதாரணம். காற்றில் இந்த வாயு இரு மடங்கானால், ஆல்கலினிட்டி மாறாத நீரிலும் பி.எச். ஏறக்குறைய 0.3 அளவுக்கு இறங்கியே தீரும். பனிக்காலத்தில் ஆறு மாதம் ஜன்னல் திறக்காத கனடா வீட்டுக்கும் இதே நியாயம்தான். போதாததற்கு இரவில் விளக்கு அணைந்ததும், பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வாயுவை உண்பதை நிறுத்திவிட, மீனும் பவளமும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்க, விடியுமுன் பி.எச். தன் தாழ்ந்த நிலையை அடைகிறது. மாலையில், ஒளி நிறைந்த பகல் முழுதும் பாசிகள் உண்டு தீர்த்தபின், உச்சத்துக்கு வருகிறது. காலை 7.9, மாலை 8.2 என்பது பிணியின் அறிகுறியே அல்ல. உயிருள்ள தொட்டியின் நித்திய கதி அது. அதைப் பார்த்துப் பயந்து காலையில் பொடி போடுகிறவர், சூரியன் உதித்தால் தானே நீங்கப் போகும் இருட்டை விரட்டக் கடையில் சாமான் வாங்குகிறார்.

அந்தப் பொடி என்ன செய்கிறது என்பதையும் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். "பி.எச். ஏற்றி" என்று விற்கப்படுவனவற்றில் பெரும்பாலானவை சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட், சில வேளை போரேட் ஆகியவற்றின் கலவை. கார்பனேட்டைப் போட்டவுடன் அது நீரிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்ற, பி.எச். மேலே போகும்; போட்டவர் மகிழ்ந்து போவார். ஆனால் அறையின் காற்று அப்படியேதானே இருக்கிறது? சில மணி நேரத்துக்குள் அந்தக் காற்றிலிருந்து வாயு மறுபடியும் நீருக்குள் இறங்கி, பி.எச்.சை ஏறக்குறையப் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். நிலைத்து நிற்பது ஏறிய ஆல்கலினிட்டி ஒன்றே. அறைக்காற்றை மாற்றாமல், பொடியினாலேயே 7.9ஐ 8.2ஆக நிறுத்திக் காட்ட வேண்டுமானால், ஆல்கலினிட்டியை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏற்ற வேண்டியிருக்கும், 8 டி.கே.எச். இருந்த நீர் 16ஐயும் தாண்ட வேண்டும். அந்த நிலையை எட்டுமுன்னரே கால்சியமும் கார்பனேட்டும் நீரிலேயே கூடிச் சுண்ணாம்பாய்ப் படிந்து, பம்பை இறுக்கி, இருந்த கால்சியத்தையும் கொள்ளை கொண்டுவிடும். நம் புது நண்பரின் தொட்டி வெளுத்துக் கலங்கிய மர்மம் இதுதான். சமையல் சோடா என்று நாம் சொல்லும் பைகார்பனேட்டை மட்டும் போட்டால் பி.எச். உடனடியாகச் சற்று இறங்கவே செய்யும் என்பதையும் பலர் அறியாமல், "போடப் போட இறங்குகிறதே!" என்று திகைத்து இன்னும் போடுகிறார்கள்.

இது ஏதோ நம் வீட்டுத் தொட்டிகளுக்கு மட்டுமே உரிய சில்லறை விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். மகா சமுத்திரத்துக்கே இன்று நேர்ந்திருப்பதும் இதுவே. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் 315 பங்கை ஒட்டி இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்போ அது 280 பங்கே. நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் எரித்து எரித்து அதை 420க்கு மேல் கொண்டுவந்துவிட்டோம். அதன் பலனாகக் கடலின் மேற்பரப்பு நீரின் பி.எச். 8.2இலிருந்து 8.1க்கு இறங்கிவிட்டது, ஹைட்ரஜன் அயனிகள் 30 சதவிகித அளவுக்குப் பெருகிவிட்டன. ஆனால் கடலின் ஆல்கலினிட்டியோ இந்தக் காலத்தில் சொல்லத்தக்க மாறுதல் எதையும் அடையவில்லை! கொள்ளளவு அப்படியே இருக்க, வாயு ஏறியதால் மட்டும் பி.எச். இறங்கியது, கார்பனேட் குறைந்தது, பவளங்களுக்கு எலும்பு கட்டுவது கடினமாயிற்று. ஜன்னல் அடைத்த அறையில் இருக்கும் உங்கள் தொட்டி, நாளைய கடலின் நிலையை இன்றே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. கடலுக்கு ஜன்னலைத் திறந்துவிட நம்மால் இயலாது. தொட்டிக்கு இயலும், அதையாவது செய்யலாகாதா?

பி.எச்.சைப் பற்றி இவ்வளவு சொன்னதால், அது அலட்சியம் செய்யத்தக்கது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். ஒரே ஆல்கலினிட்டி உள்ள இரு தொட்டிகளில், பி.எச். 8.2இல் நிற்பதைக் காட்டிலும் 7.9இல் நிற்பதில் கார்பனேட் ஏறக்குறையப் பாதியே இருக்கும். ஆகவே முன்னதில் பவளம் விரைந்து வளரும் என்பதில் ஐயமில்லை. நான் வேண்டுவதெல்லாம், நோய்க்குரிய மருந்தையே கொடுங்கள் என்பதுதான். வாயுவினால் வந்த தாழ்வை வாயுவை நீக்கித்தான் போக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது முடியாத வீட்டில், தொட்டி நீரில் நுரையெழுப்பிக் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் சிறு குழாயை நீட்டி, ஜன்னல் சட்டத்தின் வழியே வெளியே விட்டுவிடுங்கள். சில அடி குழாயின் விலைக்கு மேல் இதற்குச் செலவே இல்லை. வெளிக்காற்றிலும் பூச்சிமருந்துப் புகை வருகிற இடமானால், மயக்கமருந்து கொடுக்கும் இயந்திரங்களில் நோயாளியின் மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கப் பயன்படுத்தும் சோடா சுண்ணாம்பு மணிகளை ஒரு குடுவையில் இட்டு, அதன் வழியே காற்றை ஸ்கிம்மருக்குச் செலுத்தலாம். தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டியான சம்ப்பில் பாசி வளர்த்து, கூடத்து விளக்கு அணைந்தபின் அந்தப் பாசிக்கு விளக்கேற்றினால் இரவின் வீழ்ச்சி தணியும்.

இவற்றுக்கெல்லாம் மூத்த முறை ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே கண்டிருக்கிறோம். அதில் மூச்சை ஊதினால் பால்நிறமாவதைக் காட்டித்தான் கரியமில வாயுவை ஆசிரியர் நமக்கு அறிமுகம் செய்தார். அதே தெளிநீரைப் பவளத் தொட்டிக்குப் பயன்படுத்தும் வழக்கத்தை ஐரோப்பாவில் 1970களில் பரவச் செய்தவர் பீட்டர் வில்கன்ஸ். தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகும் நீருக்கு ஈடாக, தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்துத் தெளியவைத்த ஆர்.ஓ. நீரை, இரவு நேரத்தில் துளித்துளியாகச் சொட்டவிட்டால், அது வாயுவைப் பிடித்துக்கொள்கிறது, கால்சியத்தைத் தருகிறது, ஆல்கலினிட்டியையும் தருகிறது. ஆனால் அந்தத் தெளிநீரின் பி.எச். 12.4, ஒரே வேளையில் ஒரு குடத்தைக் கவிழ்த்தால் உயிர்ச்சேதம் நிச்சயம். சொட்டாக மட்டுமே விட வேண்டும், அதுவும் நீரோட்டம் வேகமாயுள்ள இடத்தில். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் வாசனைச் சரக்கும் வேறு கலப்பும் இருக்கக்கூடுமாதலால் அதைத் தொடவே வேண்டாம்.

இனி ஆல்கலினிட்டிக்கு வருகிறேன். உங்கள் கவனத்தில் பெரும்பங்கை இதற்கே நான் யாசிக்கிறேன். பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதற்கு வேண்டிய கார்பனேட்டைப் பவளம் நீரின் பைகார்பனேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு அருகே ஒரு காலத்தில் பாறை பாறையாகப் பவளத்தை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். விலாங்குச் சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு சிறு தீவுகள் தம்மைக் காத்து நின்ற பவள அரணை இழந்து கடலுக்குள் போயின. அந்தச் சூளைகளில் வெந்த சுண்ணாம்பு முழுவதும் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கடல்நீரிலிருந்து பவளங்கள் சிறுகச் சிறுகப் பிரித்தெடுத்த ஆல்கலினிட்டியே. (அந்த வளைகுடாவின் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம், தமிழ்நாட்டில் உள்ள அன்பர்கள் யாராவது மலிவாகக் கிடைக்கிறதென்று கடல் பவளத்தையோ உயிர்ப்பாறையையோ கொண்டுவந்தால், தயவுசெய்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.) பவளம் செய்யும் இந்த ஆல்கலினிட்டிச் செலவு கடலில் தெரிவதில்லை, அதன் பரப்பு அவ்வளவு. நம்முடைய 200 லிட்டர் தொட்டியிலோ, கல் பவளங்கள் செழித்துவிட்டால், ஒரு நாளில் 1 டி.கே.எச். கரைந்து போவதும் உண்டு, சில தொட்டிகளில் அதற்கு மேலும் போவதுண்டு.

இந்தச் செலவைக் கால்சியத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் வாதிக்கிறார்கள். அது முடியாத காரியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. பவளம் 2.8 டி.கே.எச். ஆல்கலினிட்டியைச் செலவிடும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. 8இலிருந்து 5.2க்கு ஆல்கலினிட்டி விழுந்து பவளம் பட்டினி கிடக்கும்போது, கால்சியம் 420இலிருந்து 400க்கு மட்டுமே வந்திருக்கும். நம் வீட்டுப் பரீட்சைப் பெட்டிகளின் பிழைக்குள்ளேயே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். முதலில் எச்சரிப்பது ஆல்கலினிட்டியே. ஆகவே முதலில் கேட்க வேண்டியதும் அதையே.

எந்த எண்ணில் நிறுத்துவது என்ற சர்ச்சையில் நம் நண்பர்கள் பொழுதைப் போக்குவது எனக்குப் பெரிய விசனத்தைத் தருகிறது. கடலில் 7 டி.கே.எச்.சுக்குச் சற்றுக் குறைவாகவோ ஒட்டியோ இருக்கிறது. தொட்டிகளில் 7 முதல் 11 வரை எங்கே வைத்தும் பவளத்தை நன்றாக வளர்த்தவர்கள் உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே வற்றிய, மிகத் தூய நீரில் 11ஐ நாடினால் நுனி கருகும் அபாயம் அதிகம் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது நிலையாய் நிற்க வேண்டும். திங்களன்று 7, வியாழனன்று 10, ஞாயிறன்று 8 என்று ஆடும் தொட்டியில் பவளம் தேறாது. இன்னொரு சூட்சுமம்: கடையில் வாங்கும் உப்புகள், தயாரிப்புக்குத் தயாரிப்பு, 7 முதல் 12 வரை வெவ்வேறு ஆல்கலினிட்டியுடன் வருகின்றன. உப்பை மாற்றி, பாதி நீரை ஒரே நாளில் மாற்றியவர், பொடி எதையும் தொடாமலே தொட்டியை ஆட்டிவிட்டார் என்று அறிவாராக. புதிதாகக் கரைத்த உப்புநீரையும் அளந்து பார்த்த பின்பே தொட்டியில் விடுங்கள்.

குறைந்ததை ஈடு செய்ய விலையுயர்ந்த குப்பி ஏதும் வேண்டியதில்லை. 100 லிட்டர் நீரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் தூய சோடியம் பைகார்பனேட் போதும். அதே வேலைக்குச் சோடியம் கார்பனேட் 2 கிராமுக்கும் சற்றுக் குறைவே. பேக்கிங் பவுடர் என்பது அமிலமும் மாவும் கலந்த வேறு சரக்கு. பெயர் ஒற்றுமையால் ஏமாந்துவிடாதீர்கள். ஆர்.ஓ. நீரில் கரைத்து, சிறுகச் சிறுக, ஒரு நாளில் 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏறாதபடி விடுங்கள். அன்றாடச் செலவு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால், டோசிங் பம்ப் ஒன்று அந்தக் கடமையை நாளெல்லாம் பகிர்ந்து செய்துவிடும். தெரியாதவரையில் எந்தப் பம்பும் உங்களுக்கு உதவாது.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கடைகள் ஏன் சொல்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். பொடிக் குப்பியின் மேல் "பி.எச்.சை 8.3க்குக் கொண்டுவரும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறவர்கள், உள்ளே என்ன இருக்கிறது, அது ஆல்கலினிட்டியை எவ்வளவு ஏற்றும் என்பதை எங்கேயும் அச்சிடாமலிருப்பதைப் பார்க்கும்போது என் மனம் கொதிக்கிறது. வாங்குகிறவர் கேட்காதவரையில் விற்கிறவர் சொல்லப் போவதில்லை. ஆகையால் நீங்கள் கேளுங்கள். "இதில் என்ன இருக்கிறது? 100 லிட்டருக்கு எத்தனை டி.கே.எச். ஏறும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் இல்லையென்றால் குப்பியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அனுபவம் முதிர்ந்த அன்பர்களிடம் எனக்குக் கூடுதலான உரிமை உண்டு. உங்கள் தொட்டிகளைப் பார்த்துத்தான் புதியவர்கள் இதில் இறங்குகிறார்கள். உங்கள் ஒரு சொல்லை வேதவாக்காகக் கொண்டு அன்று மாலையே கடைக்கு ஓடுகிறார்கள். ஒரு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு மருந்து சொல்லும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் பி.எச். சொன்னால், ஆல்கலினிட்டியைக் கேளுங்கள்; அளந்த நேரத்தைக் கேளுங்கள்; 7.00, 10.01 என்ற நியமத் திரவங்களில் மானியைச் சரிபார்த்தாரா என்று கேளுங்கள்; டம்ளரைப் பால்கனிக்கு எடுத்துச் சென்று காற்றுக் குமிழ் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நான்கும் தெரியாமல் ஒரு சிட்டிகைப் பொடிக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

புதியவர்களிடம் என் விண்ணப்பம் இன்னும் சிறியது. இன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு, பி.எச். ஏற்றும் குப்பி எதையும் தொட்டி அருகே கொண்டுவராதீர்கள். நாள்தோறும் ஒரே வேளையில், விளக்கு அணைவதற்குச் சற்று முன்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆல்கலினிட்டியை அளந்து, ஒரு சாதாரணக் கோடிட்ட நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில் அன்று ஜன்னல் திறந்திருந்ததா என்ற குறிப்பும், பி.எச். எண்ணும் இருக்கட்டும். மாதம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேளுங்கள். அதைப் பார்க்காமல் யோசனை சொல்ல வருகிறவர் எவ்வளவு பெரியவரானாலும், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்